காரணம் எழுதத் தேவையில்லை

கனடாவிலிருந்து வந்த அக்கா பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே எடுத்தது ஒரு நீல நிறக் கடதாசிக் கோவை. எனக்கு வாங்கிய சப்பாத்தும் அம்மாவுக்கு வாங்கிய கம்பளிச் சட்டையும் அடியில் கிடந்தன. கோவையின் மேல்மட்டையில் தங்க எழுத்துகளும் ஒரு தென்னையும் அலையும் இருந்தன. அக்கா அதை இரண்டு கைகளாலும் அம்மாவிடம் நீட்டினாள்.

"அம்மா, உங்களுக்கு வீடு வாங்கிப்போட்டன். கடலுக்குப் பக்கத்தில. வீட்டு உறுதிப் பத்திரம் இதுக்குள்ள இருக்கு."

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்து, அதிலும் ஆங்கிலத்தில் நல்ல பெறுபேறு எடுத்துப் பல்கலைக்கழகக் கடிதத்துக்காகக் காத்திருந்தவள் நான் ஒருத்திதான். நான் கையை நீட்டினேன். அக்கா கோவையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பொறு. வெள்ளிக்கிழமை பூசை முடியட்டும். பிறகு வாசி."

புதிய காணி உறுதியை நாலு மூலையிலும் மஞ்சள் பூசிச் சாமித் தட்டில் வைப்பது எங்கள் வழக்கம். முதல் வெள்ளிக்கிழமை கழியும்வரை யாரும் அதை விரிப்பதில்லை. அக்கா அந்தக் கோவைக்கும் அப்படியே செய்தாள். நீல மட்டையில் மஞ்சள் ஒட்டவில்லை. திரும்பத் திரும்பப் பூசினாள்.

சண்டை நின்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்ட காலம் அது. மூலைக்கு மூலை கடற்படையின் காவலரண்கள் இருந்தபடியே இருந்தன. எங்கள் ஊர் கட்டைபறிச்சானில் வீட்டின் கூரை ஷெல் விழுந்து போய்ப் பல வருடங்களாகியிருந்தன. சுவர்கள் மட்டும் மிஞ்சின. நாங்கள் ரவுன் பக்கம் ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கார அன்ரி முன்பக்கத்தில் இருந்தா. குழாயைத் திறந்தாலும் ஜன்னலால் எட்டிப் பார்ப்பா.

அக்கா கனடாவில் ஆஸ்பத்திரித் தரை துடைத்து ஆறு வருடம் காசு சேர்த்தாள். கட்டைபறிச்சான் வீட்டைத் திருப்பிக் கட்டுவதற்கென்று சேர்த்த காசு. அந்தக் காணி அம்மாவின் சீதனக் காணி. அக்காவின் கல்யாணத்துக்கு அம்மா வயலை விற்றா. வீடும் வளவும் இளையவளுக்கு, அதாவது எனக்கு. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அதை யாரும் கதைத்துத் தீர்க்கவேண்டியிருக்கவில்லை. ஆகவே அந்தக் காசில் எழும்பும் கூரை எனக்குமானது என்று நான் நினைத்திருந்தேன்.

வரும் வழியில் அக்கா அமெரிக்காவில் ஒரு சுற்றுலா நகரத்துக்கு, அத்தான் பக்கத்துக் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருக்கிறாள். அத்தான் வேலைக்கென்று அடுத்த நாளே திரும்பிவிட்டார். ஹோட்டல் வாசலில் ஒருவன் காலைச் சாப்பாடு இலவசம் என்று கூப்பிட்டிருக்கிறான். சாப்பாடு முடிந்ததும் ஒரு குளிர் அறையில் வீடு விற்பவன் ஒருவனோடு நாலு மணித்தியாலம்.

"எவ்வளவு நல்ல மனிசன் தெரியுமே," என்றாள் அக்கா. "அம்மான்ர படத்தைக் காட்டச் சொன்னவர். கூரையில்லாத வீட்டுப் படத்தையும் காட்டினனான். கண் கலங்கிட்டுது அந்தாளுக்கு. உங்கட அம்மா இனிக் கடலைப் பாத்துக்கொண்டு இருக்கட்டும் எண்டவர்."

"என்ன பாசையில கதைச்சனீ?" என்று நான் கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசில."

நான் சிரித்தேன். அக்கா என்னோடு சேர்ந்து சிரித்தாள். நான் எதற்குச் சிரித்தேன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அவள் வடை சுட்டாள். வீட்டுக்கார அன்ரியைத் தானே போய்க் கூப்பிட்டு எங்களிடமிருந்த ஒரே நல்ல கதிரையில் இருத்தினாள். வாடகைக்காரர் என்று எட்டு வருடம் எங்களை இளக்காரமாகப் பார்த்த அன்ரிக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகவே அந்தப் பூசை. கற்பூரம் அணைந்ததும் கோவையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"வாசி. சத்தமா, தமிழில சொல்லு."

முதல் பக்கத்தை வாசித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த இடத்தில் மூடிவிட்டு, பிறகு குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். அன்றைக்கும் அது எனக்குத் தெரியும். நான் சத்தமாக வாசித்தேன்.

"இது உறுதி இல்லை. வீடும் இல்லை. ஒரு ஹோட்டல் மாதிரிக் கட்டடத்தில ஒரு அறை. அதில வருசத்துக்கு ஒரு கிழமை நிக்கிறதுக்கு அக்கா காசு கட்டியிருக்கிறா. புரட்டாதியில ஒரு கிழமை. அங்க அது புயல் அடிக்கிற காலம். மிச்சக் காசை மாதாமாதம் பத்து வருசம் கட்டோணும். துப்புரவாக்கிறதுக்கு வேற வருசா வருசம். அக்கா செத்தால் மிச்சத்தை மகள் கட்டோணும்."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்ரி வடையைக் கீழே வைத்தா.

"அப்ப மிச்ச ஐம்பத்தொரு கிழமையும் கொம்மா எங்க இருக்கிறா? என்ர வீட்டிலயோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. அம்மா அக்காவைப் பார்த்துச் சொன்னா: "அஞ்சாம் வகுப்போட உன்னை மறிச்சது என்ர பிழைதான். ரெண்டு எழுத்துப் படிச்சிருந்தாலாவது இந்த மொக்குத்தனம் வந்திராது."

அக்காவை மறித்தது எனக்காக. நான் பிறந்தபோது அம்மா வயல் வேலைக்குப் போக, பிள்ளை பார்க்க ஆளில்லை. அதை அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அக்கா எழும்பிக் குசினிக்குள் போனாள். எண்ணெய்ச் சட்டியைத் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்ரி போன பிறகு நான் மிச்சப் பக்கங்களையும் வாசித்தேன். பத்தொன்பதாம் பக்கத்தில், மற்ற எழுத்தைவிடச் சிறிய எழுத்தில் அது இருந்தது. ஒப்பமிட்ட நாளிலிருந்து பத்து நாட்களுக்குள், வாங்கியவர் எந்தக் காரணமும் கூறாமல், எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை நீக்கலாம். கடிதம் தபாலிலோ பெக்ஸிலோ வரலாம். வாங்கியவரின் ஒப்பம் இருக்கவேண்டும். கட்டிய காசு முழுவதும் திரும்பும்.

அக்கா ஒப்பம் வைத்தது போன வாரம் புதன்கிழமை. விரலை மடித்து எண்ணினேன். அடுத்த நாள், சனிக்கிழமை, கடைசி நாள். ஐந்து நாள் அந்தக் கோவை என் தலைக்கு மேலே சாமித் தட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு இருந்திருக்கிறது.

குசினி வாசலில் நின்று சொன்னேன். "நாளைக்குள்ள எழுதி அனுப்பினால் காசு வரும். நீ கையெழுத்து வைக்கோணும்."

"வைக்கமாட்டன்," என்றாள் அக்கா திரும்பாமலே. "நான் மொக்குத்தானே. வாங்கினது வாங்கினதாய்க் கிடக்கட்டும்."

சனிக்கிழமை கர்த்தால். சந்தையடியில் டயர் எரிந்த மணம் எங்கள் வளவு வரைக்கும் வந்தது. தபால் கந்தோர் பூட்டு, கடைகள் பூட்டு, பஸ் இல்லை. அம்மா காலையிலிருந்து அக்காவைத் திட்டினா, மத்தியானம் அழுதா, அதன்பின் அவள் முன்னால் தரையில் இருந்து கூரையில்லாத வீட்டின் கதையை மறுபடி தொடங்கினா. மூன்று மணிக்கு அக்கா எழும்பி வந்தாள்.

"எங்க கடிதம்?"

கடிதம் காலையிலேயே தயார். எங்கள் பள்ளிக்கூடத்தில் விடுமுறைக் கடிதம் எழுதினாலும் காரணம் எழுதவேண்டும். கந்தோருக்கு, விதானையாருக்கு, யாருக்கு எழுதினாலும் காரணமில்லாத கடிதம் மரியாதையில்லாத கடிதம். நான் அந்தப் பழக்கத்தில்தான் எழுதினேன் என்று பிறகு கனநாள் எனக்கு நானே சொன்னேன். ஆனால் பத்தொன்பதாம் பக்கம் எனக்குப் பக்கத்திலேயே விரிந்து கிடந்தது. காரணம் தேவையில்லை என்று அதில் இருந்ததை நான் இரண்டு தரம் வாசித்திருந்தேன்.

ஒப்பந்தத்தை நீக்குகிறேன் என்ற வரிக்குக் கீழே ஆங்கிலத்தில் நான் எழுதியது இதுதான்: நான் ஐந்தாம் வகுப்புவரை மட்டுமே படித்தவள். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எதில் ஒப்பமிட்டேன் என்பது எனக்கு விளங்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுதுவது படித்த என் தங்கை.

கடைசி வரியை எழுதியபோது கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்தது.

"என்ன எழுதியிருக்கிறாய்?" என்றாள் அக்கா.

"வேண்டாம் எண்டு."

"அவ்வளவுதானோ? இத்தினை வரி இருக்கு."

"அவ்வளவுதான். இங்கிலிசில அப்பிடித்தான், நீட்டி எழுதோணும்."

அவள் தாளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு நான் விரலால் காட்டிய இடத்தில் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பம் வைத்தாள். அந்தக் குளிர் அறையிலும் அவள் இப்படித்தான், யாரோ விரலால் காட்டிய இடத்தில் வைத்திருப்பாள்.

தனியாக நடந்தேன். காவலரணில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தந்தார்கள். ரவுனில் எனக்குத் தெரிந்த கொமினிகேஷன் ஒன்றை, போனும் பெக்ஸும் உள்ள கடை, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் நானா ஒருவர் நடத்தினார். வீடும் அதன் பின்பக்கத்தில்தான். ஒழுங்கைப் பக்கத்துக் கதவைத் தட்டினேன்.

"நானா, ஒரு பெக்ஸ்."

"உங்களுக்கென்ன பைத்தியமா புள்ள? இண்டைக்குக் கடை தொறந்தா என்ட கண்ணாடி மிஞ்சாது."

"முன்னுக்குத் திறக்க வேண்டாம். அமெரிக்காவுக்கு. இண்டைக்குத்தான் கடைசி நாள்."

"இங்க இண்டைக்கி முடியப்போகுது."

"அங்க இப்பதான் விடியுது."

அவர் மேலேயும் கீழேயும் என்னைப் பார்த்தார். "படிச்ச புள்ளதான்," என்று சொல்லிக் கதவைத் திறந்தார். எனக்கு அது இனித்தது.

லைட் போட்டால் வெளியே தெரியும் என்று மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு கடிதத்தை வாசித்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"ஆருட கடிதம் இது?"

"அக்கான்ர."

"இதையெல்லாம் எதுக்கு எழுதினீங்க? வேணாமெண்டா வேணாம்தானே. இன்னொண்டு எழுதுங்க, தாள் நான் தாறன்."

"உங்கட வேலை அனுப்புறது நானா."

அவர் தாளை மெஷினில் செருகினார். முதல் தரம் லைன் அறுந்தது. இரண்டாம் தரம் வேறு எங்கோ மணி அடித்தது. மூன்றாம் தரம் தாள் மெல்ல உள்ளே போய் மறுபக்கத்தால் வந்தது. போய்ச் சேர்ந்ததற்கான துண்டை அவர் கிழித்துத் தந்தார். காசை என் கையிலிருந்து வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னார்.

அக்கா கனடாவுக்குத் திரும்பிப் போனபிறகு, இரண்டு மாதத்தால் காசு முழுவதும் அக்காவின் ரொறொன்ரோ முகவரிக்குத் திரும்பியது. அந்தச் செய்தியோடு அவள் என்னைக் கூப்பிடுவாள் என்று நான் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கொமினிகேஷனில் போய்க் காத்திருந்தேன். ஒரு நன்றியை எதிர்பார்த்துத்தான் போனேன்.

"காசோலையோட அவங்கள் ஒரு கடிதமும் வைச்சிருந்தவங்கள்," என்றாள் அக்கா. "உன்ர கடிதத்தின்ர கொப்பியும். மகள்தான் வாசிச்சவள். ஒன்பது வயசு. அம்மா, நீங்கள் அஞ்சாம் வகுப்பா எண்டு கேட்டவள். அத்தானும் பக்கத்தில."

நான் போன் வயரை விரலில் சுற்றினேன்.

"காரணம் சொல்லத் தேவையில்லாமலே விடுறதுக்கு உங்களுக்கு உரிமை இருந்தது எண்டு அவங்கள் எழுதியிருக்கிறாங்கள். அது உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுதான் எழுதினனீ."

"ஓம்."

"சரி," என்றாள். குரலில் கோபம் இருக்கவில்லை. "அந்த வெள்ளைக்காரன் என்னட்ட காசைத்தான் கேட்டவன். போனை அம்மாட்டக் குடு."

அம்மா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தா. ஓம், ஓம் என்று மட்டும் சொன்னா. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா காசு அனுப்பச் சம்மதித்தாள். வீடு எழும்பும், கூரை போடலாம், அம்மா சாகும்வரை அதில் இருக்கலாம். ஆனால் காணியை முதலில் தன் மகளின் பெயருக்கு எழுதவேண்டும் என்றாள். அம்மா ஒரு இரவுகூட யோசிக்கவில்லை. "உனக்குப் படிப்பு இருக்குத்தானே," என்றா.

உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டுக்கே வந்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்றதும், உறுதியை யாராவது வாசித்துக் காட்டவேண்டும் என்றார். அம்மா என்னைக் காட்டினா. நான் கதிரையில் இருந்து தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, கிணறு, நாலு தென்னை, இடிந்த வீடு. தன் சொந்த விருப்பத்தின்படி, பேத்திக்கு. என் பெயர் எங்கேயும் வரவில்லை. தடக்காமல் வாசித்ததற்காக நொத்தாரிசு என்னைப் பாராட்டினார்.

அம்மா பெருவிரலை மையில் அழுத்தி வைத்தா. அதே விரலால் நாலு மூலையிலும் மஞ்சள் பூசினா. இந்தத் தாளில் மஞ்சள் உடனே ஒட்டியது. சாமித் தட்டில் வைக்க என்னிடம் தந்தபோது, நான் முதுகைத் திருப்பிக்கொண்டு கடைசிப் பக்கத்தை மறுபடி விரித்தேன். பத்து நாள் என்று எங்காவது, எவ்வளவு சிறிய எழுத்திலாவது, போட்டிருக்கிறதா என்று தேடினேன்.