மாமாவின் ஸ்பிரிட்டும் புல் வெட்டும் மிஷினும்

என் அப்பா ஒரு தொழிற்சாலை மேனேஜரின் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது அந்தப் பங்களா. உப்புக் காற்றும் புகைபோக்கிக் கரியும் தவிர வேறெதுவும் செழிக்காத இடத்தில், லாரி லாரியாகச் செம்மண் கொட்டி ஒரு புல்வெளி வளர்த்திருந்தார்கள். அதை வெட்டுவதற்கு ஒரு மிஷின் இருந்தது. எப்போதோ இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. பச்சை நிறம், பெட்ரோலில் ஓடும். கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்தால் உறுமிக்கொண்டு கிளம்பும்.

அந்த மிஷினை வேறு யாரும் தொட அப்பா விட்டதில்லை. வெட்டி முடித்ததும் கத்தியைத் துடைப்பார், எண்ணெய் போடுவார், மாதம் ஒருமுறை எஞ்சினைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பூட்டுவார். கல்மண்டபத்தில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டுக்கு இந்தப் புகழ் வந்து சேர்ந்திருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து தன்னை ஒருநாளாவது அப்படிக் கவனித்ததுண்டா என்று அம்மா கேட்பாள். அப்பா சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

எங்களோடு மாமாவும் இருந்தார், அம்மாவின் தம்பி. வண்ணாரப்பேட்டையில் ஒரு மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் போடுகிற வேலை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தில் தொட்டுத் தொட்டு மேஜையில் தேய்த்தால் முகம் தெரியும் என்பார். சாயங்காலம் அவர் தெருமுனையில் வரும்போதே வாசனை வீட்டுக்கு வந்துவிடும். மீன் விற்கிறவர்களிடம் மீன் வாசனை வருவதைப் போல இது பாலிஷ்காரர்களின் வாசனை என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

நான் ஆறாவது படித்த வருஷம் பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. சாராயக் கடைகளையெல்லாம் மூடியதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். ஆனால் எங்கள் வீட்டில் பேசப்பட்டது பெட்ரோலைப் பற்றி மட்டுமே. பங்களா மிஷினுக்கு வாரம் இரண்டு கேன் கொடுத்துவந்த தொழிற்சாலை, இனி ஒன்றுதான் என்று சொல்லிவிட்டது. அப்பா இதைச் சாப்பிடும்போது சொன்னார். மாமா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஸ்பிரிட்டு மட்டும் எரியாதா மாமு? அடுப்புல ஊத்துனா எப்டி எரியுது. கலந்து ஊத்திப் பாரு, மிஷின் ஜோரா ஓடும்."

மாமாவின் யோசனைகளை அப்பா அதுவரை ஏற்றுக்கொண்டதே இல்லை. மொட்டைமாடியில் புறா வளர்க்கும் யோசனை, பர்மா பஜாரில் கடிகாரம் வாங்கி விற்கும் யோசனை எல்லாம் சோற்றுத் தட்டோடு முடிந்துபோனவை. அன்று அப்பா கை கழுவிவிட்டு வந்து மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு கொண்டுவர முடியும் என்று கேட்டார். பட்டறையில் ஆளுக்கு ஒரு பாட்டில் தருவார்கள், வேலை போக அரை பாட்டில் மிஞ்சும் என்றார் மாமா.

"அப்போ அத்த அப்டியே இங்க கொண்டாந்து குடு மச்சான். உன்ன நம்பித்தான் மிஷின் கீது."

மாமாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

அடுத்த நாளிலிருந்து தினமும் மாமா செய்தித்தாளில் சுற்றிய பாட்டிலோடு வந்தார். வாசலிலேயே அப்பா அதை வாங்கிக்கொள்வார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். குறைந்திருந்தால் "இவ்ளோதானா?" என்பார். மாமா எதையோ சொல்லி மழுப்புவார், மறுநாள் பாட்டில் சரியாக இருக்கும். அப்பா இத்தனை பேராசைக்காரராக இருப்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் கிடையாது. நான் அப்பாவோடு பங்களாவுக்குப் போவேன். முதல் தடவை ஸ்பிரிட் கலந்தபோது மாமாவும் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, பண்டிகைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாலு பங்கு பெட்ரோல், ஒரு பங்கு ஸ்பிரிட். முதல் இழுப்பில் மிஷின் தும்மியது, இரண்டாவது இழுப்பில் கிளம்பிவிட்டது. புகைகூடக் குறைவாக வந்தது. அப்பா நகர்ந்துகொண்டு, பிடியை மாமாவிடம் கொடுத்தார். மாமா அதன் பின்னால் புல்வெளியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தது திருமண ஊர்வலத்தில் மாப்பிள்ளை நடப்பதைப் போல இருந்தது. திங்கட்கிழமை வகுப்பில் என் மாமா ஒரு விஞ்ஞானி என்று சொல்லிவிட்டேன்.

ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு மழை பிடித்து, புல் வேகமாக வளர்ந்தது. நாலுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்றானது. மாமா ஏதாவது சாக்குச் சொல்லி வெறும் கையோடு வந்தால், மிஷின் பட்டினி கிடக்கிறது என்று அப்பா சொல்லிக்காட்டுவார். மிஷின் இருமத் தொடங்கியிருந்தது. அடியில் பெட்ரோல் சொட்டியது. அப்பா ஒரு துணியால் துடைத்துவிட்டு மறுபடி கயிற்றை இழுப்பார். இருபது தடவை இழுத்தால் ஒரு தடவை கிளம்பியது.

தொழிற்சாலையின் ஆண்டுவிழா விருந்து அந்தப் புல்வெளியில் நடப்பதாக இருந்தது. முந்தைய நாள் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு, பாதிப் புல்வெளியில் மிஷின் நின்றது. இழுத்து இழுத்து அப்பாவின் கை சிவந்துபோனது. ஒரு பாதி பாய் விரித்ததைப் போலவும், மறு பாதி முழங்கால் உயரத்துக்குச் சிலிர்த்துக்கொண்டும் இருந்தன. மேனேஜர் வராந்தாவுக்கு வந்து பார்த்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்.

மெக்கானிக் எஞ்சினைத் திறந்து, பெட்ரோல் நிற்கிற சின்னக் கிண்ணத்தைக் கழற்றினார். அதற்குள் மிதக்க வேண்டிய தக்கை, ஊறிப்போய் அடியில் கிடந்தது. கிண்ணம் முழுக்கப் பழுப்பு நிறப் பிசின். தக்கை மிதந்தால்தான் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோல் வரும் வழி அடைபடும், அது ஊறாமலிருக்க மேலே அரக்கு பூசியிருப்பார்கள், யாரோ அரக்கைக் கரைத்துவிட்டார்கள் என்று அவர் மேனேஜரிடம் விளக்கினார். பிறகு விரலை முகர்ந்து பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"இதுல இன்னாத்த ஊத்துன?"

"ஸ்பிரிட்டு," என்றார் அப்பா. "நான்தான் ஊத்துனேன். பெட்ரோல் மிச்சம் புடிக்கலாம்னு பார்த்தேன்."

இது யாருடைய யோசனை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தலைமேல் வந்து உட்கார்ந்து லேசாக அழுத்தியது. நான் வாயை மூடிக்கொண்டேன். மேனேஜர் சத்தம் போடவில்லை. பொழுது சாய்வதற்குள் புல்வெளி தயாராக வேண்டும், மற்றதைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என்னை வீட்டுக்கு அனுப்பினார் அப்பா. பஸ் பிடித்துப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேரைத் திரட்டினாள். பங்களாவின் தோட்டச் சாமான் ஷெட்டில் இரண்டு கருக்கரிவாள்தான் இருக்கும் என்பதால், மீன் வெட்டுகிற கத்திகளும் அம்மாவின் தையல் கத்தரிக்கோலும் எங்களோடு பஸ் ஏறின. பட்டறைக்குச் சொல்லியனுப்பியதும் மாமாவும் பாலிஷ் கறைக் கைகளோடு வந்து சேர்ந்தார். மண்டியிட்டு, வரிசையாக உட்கார்ந்து வெட்டினோம். மாமா தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரே ஒரு தடவை அப்பாவிடம் நகர்ந்துவந்தார்.

"அரக்க ஸ்பிரிட்டுல கரைக்கறதே என் பொழப்பு மாமு. எனக்கே தோணலியே."

"அத்த வுடு. அந்த ஓரமா வெட்டு," என்றார் அப்பா.

வெளிச்சம் போவதற்குள் வெட்டி முடித்துவிட்டோம். விருந்து நடந்தது. அப்பாவுக்கு வேலை போகவில்லை. ஆனால் பங்களாவிலிருந்து எடுத்து, தொழிற்சாலை வளாகத்தைப் பெருக்குகிற வேலையில் போட்டார்கள். மிஷினுக்குப் புதுத் தக்கை வந்தது, புது ஆளும் வந்தார். அதற்குப் பிறகு அப்பா அதைத் தொடவில்லை. மாமாவும் கொஞ்ச நாளில் பட்டறையை விட்டுவிட்டு, துறைமுகத்தில் கிரேனுக்கு கிரீஸ் போடுகிற வேலைக்குப் போனார். வாசனை மாறியது. கல்யாணம் ஆனது, பேரப்பிள்ளைகள் வரை பார்த்தார்.

எனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகுதான் அம்மா ஒருநாள் இதைச் சொன்னாள். பட்டறையில் கொடுத்த ஸ்பிரிட்டை மாமா குடித்துக்கொண்டிருந்தார். அவரோடு வேலை செய்த ஒருவருக்கு அதனாலேயே இரண்டு கண்ணும் போயிருந்தன. அம்மா அழுது பார்த்தாள், கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கினாள். எதுவும் இரண்டு நாள் தாங்கவில்லை. அதட்டிக் கேட்டால் தராதவர், அப்பா உதவி என்று கேட்டபோது பாட்டிலைத் தந்துவிட்டார். மூன்று மாதம் பாட்டில் அவருக்குப் போகாமல் மிஷினுக்குப் போனது. எஞ்சினை மாதாமாதம் பிரித்துப் பூட்டிய அப்பாவுக்குத் தக்கையைப் பற்றித் தெரியாமல் இல்லை. முதல் மாதமே அரக்கு உரிவதைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நிறுத்திவிடலாமே என்று அம்மா கேட்டாளாம்.

"மிஷினு போனா வேற மிஷினு வாங்கிக்குவாங்க," என்றாராம் அப்பா.

அம்மா சொல்லி முடித்தபோது, புல் வெட்டிவிட்டு நாங்கள் திரும்பிய அந்த பஸ் எனக்கு நினைவுக்கு வந்தது. அப்பா தன் பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். விஞ்ஞானி மாமாவின் அருமையான யோசனையைப் பேராசையால் கெடுத்துவிட்டார் என்ற கோபத்தில் நான் அங்கே உட்காரவில்லை. மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மிஷின் கெட்டுப்போனதற்காக அழுகிறார் என்று நினைத்து, அதை ரிப்பேர் செய்துவிடலாம் மாமா என்று காசிமேடு வரும்வரை அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தேன். முன் சீட்டில் அப்பா, கொப்புளித்த இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்தபடி, காலியான இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.