ஏழாவது கோயில்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று ஏழு கோயில் சந்திப்பது தூத்துக்குடிப் பக்கம் எங்களுக்கு வழக்கம். ஷார்ஜாவில் அதற்காக ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. ஒரே வட்டாரத்தில், மதில் தாண்டினால் மதில் என்று, எங்கள் கோயில், யாக்கோபியர் கோயில், எகிப்தியர் கோயில், அர்மீனியர் கோயில் எல்லாம் நிற்கின்றன. சிலவற்றின் வெளியே சிலுவைகூடக் கிடையாது. பார்த்தால் கல்யாண மண்டபம் என்றுதான் நினைப்போம். என் மனைவி ஒரே மாலையில் ஆறை முடித்துவிட்டாள்.

"ரஷ்யாக்காரங்க கோயிலெல்லாம் கணக்குல வருமா?" என்று கேட்டேன்.

"அது சாமிக்குத் தெரியும். நீங்க வாயை மூடிட்டு வாங்க."

வேண்டுதல் அவள் தம்பிக்காக. கடலுக்குப் போன அவன் வள்ளம் திரும்பவில்லை. தேடப் போனவர்களுக்கு ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. இரண்டாவது வருஷமும் போனபிறகு மாமியார் போனில், அவன் ஆன்மாவுக்கு ஒரு பூசை வைத்துவிடலாம் என்று அழுதார். "பூசை வச்சா நாமளே அவனைக் கொன்னுட்ட மாதிரி" என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். மூத்தவள் சம்மதிக்காமல் அங்கே யாரும் எதுவும் செய்யத் துணியவில்லை. அவன் வரமாட்டான், மனதைத் தேற்றிக்கொள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஏழாவது கோயில் உம்முல் குவைன் பக்கம் ஒரு தீவில் இருந்தது. முத்துக் குளித்தவர்கள் வாழ்ந்த பழைய ஊர் ஒன்றை அங்கே மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு துறவிமடமும் கோயிலும். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. எங்கள் பங்குக் கோயிலின் தமிழ்க் குழு அனுமதி வாங்கிப் படகு பிடித்தபோது முதலில் பெயர் கொடுத்தவள் இவள்தான்.

போய்ப் பார்த்தால் கோயிலைக் காணோம். முழங்கால் உயரத்துக்குக் கல்சுவர்கள், நடுவே மணல். கூரையோ கதவோ இல்லாததால் எங்கே நுழைகிறோம் என்றே தெரியவில்லை. மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு பின்தங்கிவிட, இவள் முதல் சுவரைக் கண்டதுமே செருப்பைக் கழற்றி, முக்காடு போட்டு, சுடுமணலில் முழந்தாளிட்டாள். தம்பியைத் திருப்பிக் கொடுக்கும்படி வாய்விட்டே கேட்டாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

இடத்தைச் சுற்றிக் காட்ட வந்த மலையாளி கொஞ்சம் தயங்கினார். "சேச்சி, இது அடுக்களை. ரொட்டி சுட்ட எடம். கோயில் அதோ, அவிடெ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முறைக்கவில்லை. எழுந்து மணலைத் தட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். வழியில் முத்துக் குளித்தவர்களின் வீடுகள் தெரிகிற இடத்தில் நின்றாள்.

"குளிக்கப் போனவங்க திரும்பி வரலேன்னா, வீட்ல இருந்தவங்க என்ன செஞ்சாங்க?"

"அதொண்ணும் எழுதி வச்சிட்டில்லா சேச்சி," என்றார் அவர். "கொஞ்ச நாள் கடலைப் பார்த்துட்டு நின்னிருப்பாங்க. பின்னே இங்க வந்து ப்ரார்த்திச்சிருப்பாங்க. வேற எங்க போவாங்க?"

கோயில் எங்கள் ஷார்ஜா வீட்டு ஹாலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பீடம் இருந்த பக்கம் திரும்பி அவள் நின்றாள். சுவருக்கு மேலே கடல் தெரிந்தது. மறுபடியும் அதே வேண்டுதல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் தம்பியின் பெயரைச் சொன்னாள். பிறகு, "நித்திய இளைப்பாற்றியை" என்று ஆரம்பித்தாள். இறந்தவர்களுக்கான ஜெபம் அது. இவ்வளவு நாளும் அவனுக்காக யாரையும் அதைச் சொல்ல விட்டதில்லை அவள்.

ஒருவர் முதல் வரியைச் சொன்னால் மற்றவர் அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். குழுவினர் இன்னும் வந்து சேரவில்லை; தமிழில் அது தெரிந்தவன் அங்கே நான்தான். அவளை இதைச் சொல்லவைக்க எவ்வளவோ பேசியவன் நான். இப்போது எனக்கு நாக்கு எழவில்லை. அவன் எங்கேயோ கரையேறி இருப்பான் என்று நானும் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.