மூக்கு பீளமேட்டைப் பார்த்த விமானம்

என் மேசையில் ஒரு பொம்மை விமானம் நிற்கிறது. முழங்கை நீளம். வாலில் ஒரு வளைகுடா விமான நிறுவனத்தின் நிறம். அதன் மூக்கு எப்போதும் பீளமேட்டு விமான நிலையம் இருக்கும் திசையைத்தான் பார்க்க வேண்டும். கூட்டித் துடைக்கும் அக்கா மாற்றி வைத்துவிட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

கோயம்புத்தூர் காந்திபுரத்து டிராவல்ஸ் அலுவலகம் இது. டிக்கெட் போடும் வேலைக்கு நான் சேர்ந்தபோது அந்த விமானம் எங்கள் மேனேஜர் மேசையில் இருந்தது. அந்த நிறுவனத்தின் பிரதிநிதி தந்துவிட்டுப் போனது. அனுமதி கிடைத்ததும் கோயம்புத்தூருக்கே நேராக வந்து இறங்குவோம் என்று அவர் சொன்னதை, கல்யாணம் நிச்சயமானதுபோல எடுத்துக்கொண்டார் மேனேஜர். "மொத டிக்கெட்டு எங்கூட்டுக்காரிக்குத்தானுங்க" என்று அந்தப் பிரதிநிதியிடம் வாக்கும் கொடுத்துவிட்டார்.

காரணம் இருந்தது. மேனேஜருடைய மகள் அந்த விமான நிறுவனத்தின் நாட்டில் நிறைமாதமாக இருந்தாள். அங்கே போக வேண்டுமென்றால் காரில் கொச்சிக்குப் போய்த்தான் விமானம் ஏற வேண்டும். அவர் மனைவிக்கோ காரில் உட்கார்ந்தாலே குமட்டும். ஊருக்குள் இருக்கும் உக்கடம் தாண்டுவதற்குள்ளேயே துவண்டுவிடுவார்.

அயல்நாட்டு விமானம் நினைத்த ஊரில் இறங்கிவிட முடியாது. எந்த ஊர், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்று இரண்டு அரசுகளும் பேசி முடிவுசெய்ய வேண்டும். அந்த முடிவில் எங்கள் ஊர் இல்லை. வாடிக்கையாளர்கள் அரசைத் திட்டுவார்கள். மேனேஜர் திட்டமாட்டார்.

"பெரிய கம்பெனிய உள்ள உட்டா நம்ம கம்பெனிக படுத்துக்கும்னு கவர்மெண்டு பயப்படுதுங்க. அது நாயந்தான். ஆனா எங்கூட்டுக்காரிக்கு வாந்தி வருதே, அத எந்தக் கவர்மெண்டுகிட்டப் போய்ச் சொல்றதுங்க?"

பிரசவ நாள் நெருங்கியது. அனுமதி வரவில்லை. கொச்சி விமானங்களிலும் இடம் நிரம்பிக்கொண்டே வந்தது. ஆனால் ஒரு கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, கொச்சியிலிருந்து பறக்கும் போட்டிக் கம்பெனியில் டிக்கெட் போட அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். அந்த நாட்களில் மட்டும் எரிச்சலாக வந்தது. மரியாதைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

கடைசியில் அந்த அம்மாவே ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கு வந்தார். கணவரைப் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"கண்ணு, கொச்சிக்கே ஒண்ணு போட்டுரு. பொறக்கப்போற கொழந்தைக்குக் கவர்மெண்டெல்லாம் தெரியுமா?"

எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனார். வாளையாறு தொடங்கி வழியெல்லாம் வண்டியை நிறுத்த வேண்டியிருந்ததாம். ஆனாலும் பேத்தி பிறப்பதற்கு முந்தின நாளே மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் கிளம்பிய மறுநாள் மேனேஜர் பொம்மை விமானத்தின் மூக்கை, கொச்சிக்குப் போகும் பாலக்காட்டுப் பக்கம் திருப்பி வைத்தார். ஊர் திரும்பி எங்களுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்த அம்மா அதைக் கவனித்துவிட்டார். மறுபடி பீளமேட்டைப் பார்க்கத் திருப்பினார்.

"இருக்கட்டுங்க. அடுத்த பேறுகாலத்துக்காச்சும் வரட்டும்" என்று கணவரிடம் சொன்னார்.

வரவில்லை. மேனேஜர் ஓய்வு பெற்றார். அவர் மேசை எனக்கு வந்தது. போன வருடம் அந்த அம்மா காலமானார். போன மாதம் மேனேஜர் மகளிடம் போக டிக்கெட் கேட்டு வந்தார். கொச்சியிலிருந்துதான். இந்த விமானத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்றேன். கையில் எடுத்து, இறக்கைத் தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு இருந்த இடத்திலேயே, இருந்த திசையிலேயே வைத்தார்.

"வேண்டாமுங்க அம்மணி. அவ திருப்பி வெச்சது. அப்பிடியே இருக்கட்டும்."