இரஞ்சிதம் வீட்டுச் சண்டைமீனின் பிள்ளைப்பேறு

இரஞ்சிதத்திடம் ஒரு காரியம் நடக்காது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அது நடக்கும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. கண்டாவளைப் பக்கத்துக் கொலனியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இந்த மண்ணில் கத்தரி வராது என்று பக்கத்து வளவுக்காரர் வாய்தவறிச் சொன்னதற்காகக் கோடிப்புறம் முழுக்கக் கத்தரி நட்டவள் அவள். காய்த்துக் கொட்டியதைத் தின்ன ஆளில்லாமல் கடைசியில் மாட்டுக்குப் போட்டார்கள். புருஷன் வீரகத்தி மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் கெட்டிக்காரர், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்.

அறுபதாம் ஆண்டுக்குப் பிந்திய ஒரு காலபோக நெல்லறுவடை முடிந்த சமயம், வீரகத்தியின் தம்பி சிற்றம்பலம் கொழும்பிலிருந்து வந்திறங்கினார். றெயில்வேயில் கார்ட் உத்தியோகம். வெறுங்கையோடு வரமாட்டார். இந்த முறை அவர் பையிலிருந்து எடுத்தது இரண்டு போத்தல். ஒன்றில் நீலமும் சிவப்புமாக, உடம்பைவிடச் செட்டை நீண்ட ஒரு மீன். மற்றதில் மங்கல் நிறத்தில் இன்னொன்று. முன்னது ஆண், பின்னது பெண், பைற்றர் என்று பெயர், சண்டைமீன், ஆணும் ஆணும் கண்டால் கிழித்துக்கொண்டு சாகும் என்று விளக்கம் சொன்னார்.

இரஞ்சிதம் போத்தலை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். இவ்வளவு நாளும் மீன் என்றால் அவளுக்குக் குழம்பு, பொரியல், இல்லாவிட்டால் சொதி. இப்படி ஒரு வடிவு தண்ணீருக்குள் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. குஞ்சு பொரிக்கப் பண்ணலாமோ என்று கேட்டாள். சிற்றம்பலம் சிரித்தார்.

"கொழும்பிலை கண்ணாடித்தொட்டியும் காத்தடிக்கிற மிசினும் வைச்சிருக்கிறவைக்கே குஞ்சு தப்பிறேல்லை, மச்சாள். இது வன்னிக் கிணத்துத் தண்ணி. வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கத்தான் சரி."

அந்தச் சிரிப்புத்தான் வினை. அடுத்த முறை அவர் வரும்போது கை நிறையக் குஞ்சு கொடுத்தனுப்பாவிட்டால் தன் பெயர் இரஞ்சிதம் இல்லை என்று அவள் அந்த இடத்திலேயே மனசுக்குள் முடிவுகட்டிவிட்டாள். எப்படிச் செய்வது என்று மட்டும் விசாரித்தாள். பெண்ணின் வயிறு ஊதியதும் இரண்டையும் ஒன்றாக விட வேண்டும், முட்டை போட்டதும் ஒன்றை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முட்டை முழுவதையும் தின்றுவிடும் என்று சிற்றம்பலம் சொன்னார். சொல்லிக்கொண்டே றெயிலுக்கு நேரமாகிறது என்று ஓடினார். எதை வெளியே எடுப்பது என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? பிள்ளைப்பேற்று அறையில் ஆம்பிளைக்கு என்ன வேலை? பிள்ளை பிறந்த துடக்கு முப்பத்தொரு நாளும் கழியும்வரை தகப்பன் படியேறக்கூடாது என்பது இரஞ்சிதம் வீட்டில் மாறாத சட்டம். மீனுக்கு மட்டும் வேறு சட்டமா இருக்கப்போகிறது?

பரந்தன் சந்திக் கடையில் இனிப்புப் போட்டு வைக்கிற பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கெஞ்சி வாங்கினாள். மீனுக்குத் தீன் வேண்டுமே, அதற்குக் கோடியில் வாழைக்குப் பின்னால் உடைந்த பானை ஒன்றில் தண்ணீர் விட்டு நுளம்புப் புழு வளர்த்தாள். மலேரியாக்காரர் வீடு வீடாக வந்து சுவருக்கு மருந்தடித்து, சிரட்டையில் தேங்கிய தண்ணீரைக்கூடக் கவிழ்த்துவிட்டுப் போகிற காலம் அது. கவண்மேந்து நுளம்பைக் கொல்ல, நீர் வளர்க்கிறீரோ என்று வீரகத்தி தலையில் கைவைத்தார். நுளம்பாகிறதுக்கு முதலே மீன் திண்டுவிடுகிறதே, அப்படியென்றால் கவண்மேந்து தனக்கல்லவா சம்பளம் தர வேண்டும் என்று கேட்டாள் இரஞ்சிதம். இருந்தாலும் மருந்தடிக்க வருகிற நாளெல்லாம் அந்தப் பானையின்மேல் ஒரு தென்னோலைக் கிடுகு கிடக்கும்.

புழுத் தின்று பெண்மீனின் வயிறு உப்பியது. ஒன்றாக விட்டாள். ஆண் தண்ணீரின் மேலே நுரை நுரையாகக் கட்டியது, பால் பொங்கி வருகிற நுரை மாதிரி. மறுநாள் நுரைக்குள் ரவை தூவியதுபோல் வெள்ளை வெள்ளையாக முட்டை. இரஞ்சிதம் துள்ளிக் குதிக்காத குறை. உடனே சிரட்டையால் ஆணைக் கோலி எடுத்துப் பழைய போத்தலில் விட்டாள். பெற்றவளை முட்டையோடு விட்டு, போத்தலைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டி, கண்ணூறு பட்டுவிடும் என்று ஒருவரையும் கிட்ட அண்டவிடவில்லை. பக்கத்து வீட்டு இராசமலருக்குக் கொஞ்சம் பொல்லாத கண் என்பது அவள் எண்ணம். அதனால் அன்றைக்கு வேலிக் கதையையும் நிறுத்திவிட்டாள்.

விடியத் துணியை விலக்கினால் முட்டையும் இல்லை, நுரையும் இல்லை. தாய்மீன் மட்டும் நிறைந்த வயிற்றோடு அடியில் கிடந்தது.

இரஞ்சிதம் அழுதேவிட்டாள். அழுது முடித்ததும் பழியைக் கிணற்றுத் தண்ணீர்மேல் போட்டாள். வன்னிக் கிணற்று நீர் கொதிக்கவைத்தால் கேத்தலில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிற நீர், அதுதான் முட்டையைக் கரைத்துவிட்டது என்று சொல்லிக் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்து துணியில் வடித்து ஊற்றினாள். இரண்டாம் முறையும் முட்டை வந்தது. இரண்டாம் முறையும் தகப்பனை வெளியே எடுத்தாள். இரண்டாம் முறையும் விடியற்காலம் போத்தல் வெறுமையாகக் கிடந்தது. தாய் தின்றிருக்கும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. எந்தத் தாய் அப்படிச் செய்வாள்? சிற்றம்பலத்தின் சிரிப்பு மட்டும் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

இதற்கிடையில் வீட்டுக்குள் உண்மையான பிள்ளைப்பேறும் வந்து சேர்ந்தது. மகள் கமலாசனியைப் பூநகரியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வந்தவள் சுகமாக ஒரு ஆண்பிள்ளையைப் பெற்றாள். மருமகன் தில்லைநாதன் ஞாயிறு தோறும் சைக்கிளில் வருவான். பஸ்ஸை நம்பினால் போன கிழமை புறப்பட்டிருக்க வேண்டும், அப்படி ஒரு பாதை. புழுதி குடித்து வந்து, மொட்டைக்கறுப்பன் அரிசியும் இறால் கருவாடும் இறக்கிவைத்துவிட்டு, முற்றத்து மர வாங்கில் குந்தியிருப்பான். சுகமோ என்று கேட்பான். சுகம் என்பார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு, சாத்திக்கிடக்கிற அறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப மிதிப்பான். நல்ல பிள்ளை, சொன்ன சொல்லுக்கு மறுசொல் இல்லை என்று இரஞ்சிதம் ஊரெல்லாம் மெச்சினாள்.

மூன்றாம் முறை மீனுக்கு முட்டை வந்தது அந்தப் பரபரப்புக்குள்தான். மகளுக்குப் பத்தியச் சரக்கு அரைத்து வைத்துவிட்டு, சிரட்டையோடு விறாந்தைக்கு வந்தவள் போத்தலைப் பார்த்துத் திடுக்கிட்டாள். ஆண் பெண்ணைத் துரத்தித் துரத்திக் கடித்துக்கொண்டிருந்தது. பெண்ணின் செட்டை நார் நாராகக் கிழிந்துபோயிருந்தது. நாசமாய்ப்போனவன் என்று திட்டிக்கொண்டே, பெற்றவளின் உயிராவது மிஞ்சட்டும் என்று முதலில் அவளைக் கோலி எடுத்தாள். அடுத்து ஆணை எடுக்கக் கை வைக்கும் சமயம் உள்ளே பிள்ளை வீரிட்டது. கமலாசனி கூப்பிட்டாள். சிரட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

திரும்பி வந்து சிரட்டையை எடுத்தபோது நுரையிலிருந்து ஒரு முட்டை கழன்று மெல்ல அடியை நோக்கி இறங்கியது. ஆண் பாய்ந்து அதை வாயில் கவ்வியது. போச்சு, தின்கிறான் என்று இரஞ்சிதம் சிரட்டையை நீட்டினாள். மீன் மேலே போனது. நுரைக்குக் கிட்டப் போய் வாயைத் திறந்து முட்டையை அங்கே ஒட்டிவைத்தது. பிறகு ஒரு குமிழி ஊதி அதை மூடியது. இன்னொன்று விழுந்தது. அதையும் கவ்விக்கொண்டு மேலே போனது.

அவள் கையிலிருந்த சிரட்டை நழுவியதே அவளுக்குத் தெரியவில்லை. அவள் போட்ட கூச்சலில் வயலிலிருந்து வீரகத்தி சேற்றுக் காலோடு ஓடிவந்தார். கமலாசனி பிள்ளையை ஏந்திக்கொண்டு அறைவாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள். யாருடைய கண்ணுக்குப் பயந்து துணி கட்டினாளோ அந்த இராசமலரையே இரஞ்சிதம் வேலிக்கு மேலால் கூவி அழைத்தாள். எல்லோரும் போத்தலைச் சுற்றிக் குந்தினார்கள். அவளுக்கு மகிழ்ச்சியில் சொல் குழறியது. தாய் பெத்துப்போட்டுத் தின்னப் பார்க்கிறாள், தேப்பன்தான் காப்பாற்றுகிறான், நான்தான் விசரி, நான்தான் விசரி என்று தன்னையே திட்டிச் சிரித்தாள்.

அடுத்த நாட்களில் அந்த வீட்டில் சோறு குழைந்தது, கறி அடிப்பிடித்தது, ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. முட்டை வெடித்து, நுரையிலிருந்து மயிரிழை போல் வால்கள் தொங்கின. ஒவ்வொரு குஞ்சாக நழுவி விழ விழத் தகப்பன் பிடித்துப் பிடித்துத் திரும்ப ஏற்றியது. தீன் போட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பாவம், கண்ணயரவும் விடாதுகள் என்று வீரகத்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வைக்கல் ஊறிய தண்ணீரை வெயிலில் பிடித்துப் பார்த்தால் தூசுபோல் ஏதோ அசைவது தெரியும். குஞ்சின் வாய்க்கு அதுதான் அளவு என்று இரஞ்சிதம் தானாகவே கணக்குப் போட்டு ஒரு மண்முட்டி நிறைய ஊறவைத்தாள். நாற்றம் தெருப் படலைவரை போனது.

குஞ்சுகள் நுரையை விட்டுத் தாமாக நீந்தத் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. போத்தல் முழுக்க உயிர். எண்ணப் பார்த்துத் தோற்றுப்போனாள். சிற்றம்பலத்துக்கு ஆள் அனுப்பி, வரும்போது வெறும் போத்தலாகக் கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று வீரகத்திக்கு உத்தரவு பிறந்தது.

அந்த நேரம் பார்த்துத் தில்லைநாதன் சைக்கிளைச் சாத்தினான். தேத்தண்ணி கொடுக்கவும் மறந்து, இரஞ்சிதம் அவனை விறாந்தைக் கரைக்கு இழுத்து வந்து போத்தலின் முன்னால் இருத்தினாள். எது விழுந்தது, எப்படிப் பிடித்தது, எங்கே ஒட்டியது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் கண்ணிமைக்காமல் பார்த்தான்.

"ஒண்டும் விழுந்து சாகேல்லையோ, மாமி?"

"ஒண்டையும் விடேல்லைத் தம்பி. வாயாலையெல்லோ தூக்கித் தூக்கி வைச்சது."

உள்ளே பிள்ளை அழுதது. தில்லைநாதனின் முகம் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பியது. ஏதோ குற்றம் செய்தவன்போல் உடனே மீன்பக்கம் திருப்பிக்கொண்டான். இரஞ்சிதம் அதைக் கண்டுவிட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னான்.

"என்ரை பிள்ளையின்ரை குரலை மட்டும்தான் மாமி எனக்குத் தெரியும்."

இரஞ்சிதம் போத்தலைப் பார்த்தாள், சாத்திக்கிடந்த கதவைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள்.

"கால் முகம் கழுவிப்போட்டு உள்ளுக்குப் போங்கோ தம்பி."

அவன் நம்பாமல் அவளைப் பார்த்தான். அடுத்த கணம் கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. வேலியடியில் நின்ற இராசமலருக்குப் பொறுக்கவில்லை, துடக்கு இன்னும் கழியவில்லையே அக்கா என்று இழுத்தாள்.

"ரண்டு தரம் தேப்பனை வெளியிலை எடுத்துப்போட்டன் இராசமலர். ஒரு குஞ்சும் தப்பேல்லை. இனிமேல் அந்தப் பிழை விடமாட்டன்."

தில்லைநாதன் தலையில் ஈரம் சொட்டச் சொட்டக் குனிந்து அறைக்குள் நுழைந்தான். கமலாசனி ஏதோ சொல்வதும், அவன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு சத்தமும் கேட்டன. பிள்ளையின் அழுகை நின்றுவிட்டது.

வயலுக்குப் புறப்பட்ட வீரகத்தி மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி முற்றத்தில் அப்படியே நின்றார். ஐந்து பிள்ளைக்குத் தகப்பன். ஐந்து முறையும் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவர்.

"இஞ்சேரும்," என்றார். "அப்ப என்னை ஏன் நீர் விடேல்லை?"

இரஞ்சிதம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப எனக்கு மீனைத் தெரியாதுங்கோ."

வீரகத்தி மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, தானும் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.