மாமாவின் சாயங்கால ஜுரம்

என் அம்மாவின் தம்பிக்குத் தெருவிளக்கு எரிந்ததும் ஜுரம் வரும். விடிந்தால் போய்விடும். ஆள் நனைந்த துணியாகக் கிடப்பார். தொண்ணூறுகளின் தொடக்கம், மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை என்று ஒவ்வொரு டாக்டரும் கையை விரித்தார்கள். கர்லாக்கட்டை சுற்றிய மாமா, வேட்டியை இறுக்கிக் கட்டக்கூடத் தெம்பில்லாமல் இளைத்துப்போனார். பிழைப்பாரா என்று பெரியவர்கள் என் காதுபடவே பேசினார்கள். எனக்கோ, பொழுது சாய்ந்ததும் யாரோ சத்தமில்லாமல் படியேறி வந்து அவருக்குள் புகுந்துகொள்வதாகத் தோன்றும்.

கடைசியாகப் பார்த்த டாக்டரம்மாதான், "பச்சைப் பால் குடிப்பீங்களா?" என்று கேட்டார். அந்த நிலையிலும் மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாட்டுக்கொட்டகைக்கே போய், கறந்த சூட்டோடு தினமும் ஒரு செம்பு குடிப்பதுதானே அவர் பலத்தின் ரகசியம்!

ரத்தப் பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். லேப் அக்கா, மாமாவின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரை வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு, ரோஸ் நிற மருந்தைச் சேர்த்துக் கலக்கி, தட்டை மெல்ல ஆட்டினார்.

"இந்த மருந்துல செத்த கிருமி இருக்கு பாப்பா. மாட்டுக்கிட்டேர்ந்து வர்ற கிருமி. உங்க மாமா உடம்பு அதை முன்னாடியே பார்த்திருந்தா, அடையாளம் கண்டு பிடிச்சுக்கும்."

பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சொட்டு பால் திரிவதுபோல் துகள் துகளாகத் திரிந்தது. மாமாவுக்கே தெரியாததை அவர் ரத்தம் தெரிந்துவைத்திருந்தது. திரும்பும்போது அவர் கையைப் பிடிக்கவில்லை.

அடுத்துக் கண்ணாடிக் குழாயில் செய்த ரத்தச் சோதனையும் மாட்டுக் கிருமி என்றே சொன்னது. மாத்திரை எழுதினார்கள்; பிழைத்துக்கொள்வார் என்றார்கள். அன்றே அம்மா என்னை இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

பால்காரம்மா கறந்துகொண்டிருந்தாள். அவள் வயிறு மேடிட்டிருந்தது. பசுவின் முகத்தருகே ஒரு கன்று அசையாமல் நின்றது. கண் இருக்கவேண்டிய இடத்தில் தையல். வயிற்றுக் கிழிசலில் வைக்கோல். பசு அதை நக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"செத்தே பொறந்துச்சும்மா. போன ஈத்தும் அப்டித்தான். தோல்ல வைக்கோல் அடைச்சு நிறுத்துனாதான் பால் வுடுது."

"நீயும் ரத்தம் குடுத்துப் பாரு" என்றாள் அம்மா.

"எனக்கு இன்னாம்மா கீது? சாயங்காலம் ஆனா கொஞ்சம் உடம்பு சுடும். புள்ளத்தாச்சின்னா அப்டித்தானே."

அம்மா அவள் கையிலிருந்த செம்பைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். "எழுந்திரு. இப்பவே போலாம்."

மாமாதான் பிழைத்துக்கொள்வாரே, பிறகு ஏன் அம்மா அந்த வயிற்றைப் பார்த்து அழுகிறாள் என்று எனக்கு அன்று புரியவில்லை.