தொட்டுப் பாருங்க மதினி

எழுத்து கோணல்மாணலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் நான். அதற்குப் பிறகு எழுதினதெல்லாம் மளிகைச் சீட்டும், ஊருக்குப் போடுகிற நாலு வரிக் கார்டும்தான். மறதியும் ஜாஸ்தி. காலையில் மாத்திரை தின்றேனா என்பது மத்தியானம் ஞாபகம் இருக்காது. ஆனால் எனக்கு எட்டு வயசிருக்கும்போது நடந்த ஒரு காரியம் மட்டும், அன்றைக்குச் சுட்ட வடையின் வாசம் உள்பட, அப்படியே நிற்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள் வயிற்றுப் பேத்தி. கல்யாணமாகி நாலு வருசம், பிள்ளை இல்லை. மாசாமாசம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறாள். மதுரையில் டாக்டரம்மா பார்த்துவிட்டு ‘எண்டோமெட்ரியோசிஸ்’ என்றார்கள். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்கிற சவ்வு மாதிரியே வெளியிலும் முளைத்து, உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்குமாம். அதனால்தான் அந்த வலி. பிள்ளை தங்குவதும் சிலருக்குக் கஷ்டமாம். “உங்க குடும்பத்துல வேற யாருக்கும் இப்படி இருந்துச்சா?” என்று கேட்டார்கள். என் மகள் இல்லை என்று தலையாட்டினாள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க எனக்கு எப்பவும் கூச்சம். பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இருந்தது. எங்கள் சித்திக்கு இருந்தது. அதற்குப் பேர் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

அவள் எனக்கு ரெண்டு வழியிலும் சித்தி. எங்கம்மாவின் கூடப்பிறந்த தங்கச்சி, எங்கப்பாவின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள். அருப்புக்கோட்டையில் ஒரே வீட்டில்தான் இரண்டு குடும்பமும். கூடத்தில் ரெண்டு குழித்தறி. ஆண்கள் தறியில் இறங்கினால் பெண்கள் ராட்டையில் தார் சுற்றிக் கொடுக்க வேண்டும். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் கண்டுதான் தார். தார் நின்றால் தறி நின்றது. சித்தி மாசத்தில் அஞ்சு நாள் எழுந்திருக்க மாட்டாள் என்பதால் சித்தப்பா தறிதான் அடிக்கடி நிற்கும். தெருவில் அது எல்லாருக்கும் கேட்கும். தறிச் சத்தம் கேட்பதைவிட, நின்றால்தான் எங்கள் தெருவில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் காலத்தில் வீட்டுக்குத் தூரமானவர்கள் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. கொல்லையில் பனையோலை வேய்ந்த ஒரு குச்சு உண்டு. மூன்று நாளும் அங்கேதான். நாலாம் நாள் தலை முழுகிவிட்டு உள்ளே வரலாம். அதுவரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் தொட்டவர்களும் உடுத்திய துணியோடு முழுக வேண்டும், அன்றைக்குச் சாமி காரியம், நல்ல காரியம் எதிலும் கை வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளை என்பதால் சோறு கொண்டுபோய் வைப்பது என் வேலை. அந்த நாட்களில் சித்தியின் முகத்தை வீட்டில் ஒழுங்காகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். முழங்காலை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு, சேலை முந்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடப்பாள். வைத்த சோறு வைத்தபடி இருக்கும். எங்கம்மா செங்கல்லைச் சுட வைத்துத் துணியில் சுற்றிக் கொடுப்பாள். அதை வயிற்றில் வைத்து வைத்து, தோல் அங்கங்கே கறுத்துப் போயிருந்தது.

அப்பாவின் அக்கா, அத்தை, அதே தெருவில்தான் குடியிருந்தாள். ஆறு பிள்ளை பெற்றவள். நாளில் பாதி எங்கள் வீட்டில்தான். அவளுக்கு இது எல்லாமே நடிப்பு. “மலடிக்கு மாசாமாசம் பிரசவ வலி. பிள்ளைதான் வரக் காணோம்” என்பாள், கொல்லைப் பக்கம் பார்த்துச் சத்தமாக. சித்தி ஒரு தடவை ஓலைக்குள்ளிருந்தே பதில் சொன்னாள்:

“நீங்க ஆறு பெத்தீக மதினி, ஆறு வலி. எனக்கு வருசத்துக்கே பன்னெண்டு. இதுல நாந்தான் மூத்தவ.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

ஏழு வருசம் பார்த்தார்கள். மலைக்கோயில் பிரார்த்தனை, வேப்பெண்ணெய், வெறுந்தரையில் போட்டுத் தின்கிற மண்சோறு எல்லாம் ஆயிற்று. பிறகு அத்தையே திருச்சுழிப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள், சித்தப்பாவுக்கு இரண்டாம் தாரமாக. அப்போது அதைத் தடுக்கச் சட்டம் கிடையாது, கேட்பாரும் கிடையாது. சித்தப்பா தறிக்குழியிலேயே உட்கார்ந்து, சரியென்றும் சொல்லாமல் வேண்டாமென்றும் சொல்லாமல், நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சுபாவம் அப்படி. எனக்கு இன்றைக்கும் அதில் கொஞ்சம் கோபம் உண்டு.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம். மூத்தவள் இருக்கும்போது இளையவளைக் கட்டினால், பரிசம் போடுகிற அன்றைக்கு மூத்தவள் தன் கையால் வெத்தலைபாக்குத் தாம்பாளத்தை எடுத்துப் பெண் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். அவள் மனசு எரிந்தால் இளையவள் வயிறு விளங்காது என்பது நம்பிக்கை. மூத்தவள் கொடுக்க மாட்டேன் என்றால் அடங்காதவள் என்று நாலு பேர் கூடித் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். சித்திக்குப் போக இடமில்லை. தாயும் தகப்பனும் செத்துப்போய், பிறந்த வீடு என்று மிஞ்சியது எங்கம்மா ஒருத்தி. அவளும் இதே வீட்டில்தான் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். ஆக, கொடுத்தால் வீட்டில் ஒரு மூலை. மறுத்தால் தெரு.

நாள் குறித்தார்கள். சித்தியின் தூரத்துக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது என்று அத்தை விரல் விட்டுக் கணக்குப் பார்த்துக் குறித்த நாள் அது. அதற்கு முந்தின நாள் சித்தி கூடமாட எல்லா வேலையும் செய்தாள். வீடு மெழுகினாள், உளுந்து ஊறப் போட்டாள். அத்தைக்கே சந்தேகம் வந்து, “என்ன, மனசு தெளிஞ்சிருச்சா?” என்று கேட்டாள். “தெளிஞ்சிருச்சு மதினி” என்றாள் சித்தி.

விடிந்ததும் பார்த்தால் ஆள் குச்சில் உட்கார்ந்திருக்கிறாள். “தூரமாயிட்டேன்” என்று ஒரே சொல்.

அது யுத்த சமயம். பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸு. அதில் நின்று நின்று, முகமெல்லாம் கரியோடு பெண் வீட்டார் ஏழெட்டுப் பேர் வந்து இறங்கியும் விட்டார்கள். கூடத்தில் பாய் விரித்தாயிற்று. தாம்பாளத்தில் வெத்தலை, பாக்கு, மஞ்சள், பூ எல்லாம் தயார். எடுத்துக் கொடுக்கிற கைதான் கொல்லையில் இருக்கிறது.

நான் வழக்கம்போல் சோறு கொண்டுபோனேன். சித்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. சோற்றை வழித்துத் தின்றுவிட்டு, “வடை சுட்டாகளா? வாசம் வருதே. ரெண்டு கொண்டா” என்றாள். புருசனுக்கு இன்னொருத்தியைப் பேசி முடிக்கச் சுட்ட வடை. ரெண்டையும் தின்றாள்.

திரும்பி வரும்போது அத்தை என் கையைப் பிடித்து மறித்தாள். “ஏ புள்ள, படுத்திருக்காளா, உக்காந்திருக்காளா?”

நான் இருப்பதைச் சொன்னேன். “நல்லா உக்காந்திருக்காக. இன்னுங் கூட வடை வேணுமான்னு கேக்கட்டா அத்தை?”

அத்தையின் முகம் மாறியது. புதுக் கண்டாங்கிச் சேலை சரசரக்கக் கொல்லைக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். குச்சுக்கு அஞ்சாறு அடி தள்ளி நின்றுகொண்டு, “வெளிய வாடி! மாசாமாசம் புழுவாத் துடிக்கிறவளுக்கு இன்னைக்கு மட்டும் வடை எறங்குதோ? யாரை ஏய்க்கப் பாக்குற?” என்று கத்தினாள்.

சித்தி எழுந்து வாசலுக்கு வந்தாள். ஓலையைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள்.

“துடிச்சப்ப நடிப்புன்னீக. துடிக்கலைன்னா அதுவும் நடிப்பா? எது நெசம்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியணும்னா வந்து தொட்டுப் பாருங்க மதினி.”

கையை நீட்டினாள். அத்தை ஒரு எட்டு வைத்தாள், நின்றாள். தொட்டால் அவளும் தீட்டு. சித்திக்குப் பதிலாக எப்படியாவது தாம்பாளத்தைத் தானே எடுத்துக் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று வேறு நினைத்திருந்தாள் போல. சித்தி ஒரு எட்டு முன்னால் வந்தாள். அத்தை ரெண்டு எட்டுப் பின்னால் போனாள். ஆறு பிள்ளை பெற்ற அத்தை கோழி மாதிரி ஒதுங்கினதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உடனே அடுப்படிப் பக்கம் திரும்பி எங்கம்மாவைக் கூப்பிட்டாள். “நீ வந்து பாரு. ஒந் தங்கச்சிதான?”

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “சோறு கொதிக்குது மதினி. நான் தொட்டுட்டா வந்தவுகளுக்கு யாரு வடிச்சுப் போடுறது?” என்றாள். என்ன சாது, எங்கம்மா! தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இந்தச் சத்தம் கூடத்துக்குக் கேட்காமல் இருக்குமா. பெண்ணின் தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டார். “மூத்தவ கையால வாங்காம எம் பிள்ளையக் குடுக்க மாட்டேன். நல்ல காரியத்தன்னைக்கு வீட்டுல தூரம்னா சகுனமே சொல்லிருச்சு” என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். வடை நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள். அடுத்த மாசம் ஆள் அனுப்பினால் அடுத்த நாள் குறிக்கலாம் என்று அத்தை கெஞ்சிக்கொண்டே பஸ்ஸு வரைக்கும் போனாள்.

நான் குச்சுக்குப் போய் அழுதேன், வடை கதையைச் சொல்லிக் கொடுத்துவிட்டேனே என்று. சித்தி திட்டவில்லை. “நெசத்தைத்தான சொன்ன? சொல்லு. நான் ஏழு வருசமாச் சொன்னதை யாரு நம்புனா?” என்றாள்.

நாலாம் நாள் முழுகி உள்ளே வந்தாள். அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து நடந்ததுதான் எனக்கு வெகுகாலம் புரியவில்லை. சித்தப்பாவின் தறியில் பழைய பாவு, அதாவது நீளவாட்டு நூல், முடிந்து, புதுப் பாவை இழை இழையாக முறுக்கிப் பிணைக்கிற வேலை நடந்தது. அந்த நாட்களில் தறியில் சத்தமே இருக்காது. ஆயிரக்கணக்கான இழை, பேசாமல் உட்கார்ந்து பிணைக்க வேண்டும். அத்தை முன்னால் விரல் விட்டுப் பார்த்த கணக்குப்படி சித்திக்குத் தூரம் வர வேண்டிய நாள் அது. அவள் காலையிலேயே வந்து கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். சித்தி போகிற வருகிற திசையெல்லாம் அவள் கண் போனது.

சித்தி ராட்டையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுத் தார் சுற்றினாள். “பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு படிக்கியாமே? எங்க, சொல்லு பாப்பம். சத்தமாச் சொல்லு” என்றாள்.

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கூச்சத்தை விட்டுத் தொண்டை கிழியச் சொன்னேன். ஒன்றாம் வாய்ப்பாடு, ரெண்டாம் வாய்ப்பாடு. நிறுத்தினால், “இன்னும் சத்தமா” என்பாள். நெற்றியில் வியர்வை வடிந்தது. கீழுதட்டைக் கடித்துக் கடித்து அங்கே ரத்தம் கட்டியிருந்தது. என் படிப்பை உன்னிப்பாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். பதிமூன்றில் தடுக்கினேன். வீடு ஒரு நிமிசம் அமைதியானது. ராட்டையிலிருந்து ஒரு முனகல் வந்த மாதிரி இருந்தது.

தறிக்குழிக்குள்ளிருந்து சித்தப்பா கத்தினார், “ஏழு பதிமூணு தொண்ணூத்தி ஒண்ணு! சொல்லு, நிறுத்தாத!”

பாவு பிணைக்கும்போது அவர் யாரோடும் பேச மாட்டார். இழை எண்ணிக்கை தவறிவிடும். அன்றைக்கு அவரும் என்னோடு சேர்ந்து பதினாறு வரைக்கும் சத்தமாகச் சொன்னார். “அப்பனும் மகளும் மாதிரி என்ன கூப்பாடு இது?” என்று அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். அப்படி மூன்று நாள். சித்தி சோறாக்கினாள், தண்ணீர் எடுத்தாள். சாயங்காலம் நிமிர்ந்து நின்று, அத்தை பார்க்கச் சாமி விளக்கையும் ஏற்றினாள். விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்தது. மூன்றாம் நாள், “இவ கணக்கை நம்பி இனி எந்த நாளைக் குறிக்க?” என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தை எழுந்து வீட்டுக்குப் போனவள், திருச்சுழிக்கு ஆள் அனுப்பவில்லை.

அந்த மூன்று நாளும் நான் வகுப்பில் முதல் ஆளாக வந்துவிட்டதாக நினைத்துத் தெருவெல்லாம் நிமிர்ந்து நடந்தேன். வீட்டில் ரெண்டு பெரியவர்கள் என் படிப்பைப் பார்த்து இப்படிப் பிரமித்துப் போனார்களே என்று.

பெண் திருச்சுழியா, நரிக்குடியா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது. கரி பஸ்ஸு அந்த வருசம் அந்த வழியில் ஓடியதா என்பதும் நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். விளக்கேற்றியதை மட்டும் திருத்த வேண்டாம். அதை நான் கண்ணால் பார்த்தேன்.