மகள் போட்ட முதல் சண்டை

பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த நாட்களில் மகளுக்கு நானே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். தமிழோடு சிங்களமும் தடுமாறாமல் வாசித்தாள். ஆனால் யாராவது வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

பள்ளி திறந்ததும் கணவர், "வீட்லயே நல்லாத்தானே படிக்கிறா, இருக்கட்டுமே" என்றார். எனக்கும் தயக்கம்தான். இருந்தாலும் பலாங்கொடை டவுனுக்குப் போகும் பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பள்ளியில் சேர்த்தேன். முதல் மாதம் அவள் அங்கே யாரோடும் பேசவில்லை.

ஒருநாள் பள்ளி விட்டதும் அழைத்துவரப் போனேன். மைதானத்தில் பிள்ளைகளுக்குள் சண்டை. நடுவில் என் மகள்! ஒரு சின்னப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பந்து வைத்திருந்த உயரமான ஒரு பெண்ணிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

"நீ ரெண்டு தடவ எறிஞ்சிட்ட. இப்ப இவ முறை. பந்தக் குடு!"

உயரமான அந்தப் பெண் பந்தைக் கொடுத்துவிட்டாள். பந்து கிடைத்த சின்னவள் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

வீட்டில் வைத்து இதை என்னால் கற்றுக்கொடுத்திருக்கவே முடியாது. பள்ளி கேட் அருகில் நின்று கைதட்டினேன்.